அப்பாவுக்கு வந்த பெட்டிகள்

ரஞ்சித்குமார் இறந்த பிறகும் அறை மூலையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியபடியே இருந்தன. இரண்டு சிறுநீரகமும் பழுதானதிலிருந்து, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு எடுத்துத்தான் அவன் நாளை ஓட்டினான். அந்தத் தண்ணீர்ப் பைகள் மாதாமாதம் வேனில் வந்து இறங்கும். பை தீரத் தீர காலிப் பெட்டி மகள் தமிழ்மொழிக்கு. ஒன்றாம் வகுப்புக்காரி அதில் கட்டாதது இல்லை. பஸ், கோழிக்கூடு, மண்டபத்தூரில் பார்த்த ஐஸ் கம்பெனி. ரஞ்சித்குமார் படுத்தபடியே கட்டரால் ஜன்னல் வெட்டிக் கொடுப்பான்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். மனைவி தேவிகா அழவில்லை. சோறு வடித்தாள், துணி அலசினாள், பிள்ளைக்குத் தலை பின்னினாள். யாராவது ஏதாவது கேட்டால் அது அவளிடம் வந்து சேரவே நேரம் பிடித்தது.

"அம்மா, பெட்டி வண்டி எப்ப வரும்?"

"இனிமே வராது."

"ஏன்?"

"அப்பாவுக்குத்தானே வந்துச்சு."

தமிழ்மொழி மூலையைப் பார்த்தாள். "அப்ப அந்தப் பெட்டி?"

"அதுக்குள்ள பை இருக்கு."

"எடுத்துட்டா?"

தேவிகா எழுந்துபோய் ஒரு பெட்டியைப் பிரித்தாள். ஒரு பையைக் கொல்லைக்குக் கொண்டுபோய் வெட்டிக் கவிழ்த்தாள். தண்ணீர் வாழை மரத்தடிக்கு ஓடியது. மனசு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பையைத் தூக்கியபோது வாசலில் மொபெட் வந்து நின்றது.

"நெடுங்காடுங்க. உத்திராபதின்னு பேரு. எங்க வீட்டுக்காரிக்கும் இதே வைத்தியம்தான். இந்த மாசம் லோடு வரலை. உங்க வீட்ல மீதி இருக்கும்னு நர்சம்மா சொன்னாங்க." பேசிக்கொண்டே வந்தவர் அவள் கையிலிருந்த பையையும் ஈரத் தரையையும் பார்த்துவிட்டார். "ஐயையோ, கொட்டிப்புடாதீங்கம்மா!"

தேவிகா பையை அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணுக்கருகே பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். அதே மருந்துதான்.

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க. பெட்டிய மட்டும் விட்டுடுங்க. புள்ளைக்கு வேணும்."

அவர் கொண்டுவந்த சாக்கின் வாயைத் தமிழ்மொழி விரித்துப் பிடித்தாள். பைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

அவர் போனதும் தேவிகா ஜன்னல் வெட்டினாள். கோணலாக வந்தது.

"அப்பா நேரா வெட்டும்."

"ம்."

"இது மீன் மார்க்கெட்டு. நீ வாங்க வா."

தேவிகா குந்தினாள். "என்ன மீனு இருக்கு?"

"கொடுவா."

"நாறுதே."

"காலையில வந்ததும்மா! வேணாட்டி போ!"

அடுத்த வீட்டில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு தேவிகா பேரம் பேசினாள்.

மறு மாதம் உத்திராபதி மறுபடி வந்தார். மடித்துக் கட்டிய அட்டைப்பெட்டிகள் மொபெட்டின் பின்னால் இருந்தன.

"எங்க வீட்ல சின்னப் புள்ளைங்க இல்லம்மா. கொட்டகையில போட்டா கரையான்தான் திங்குது. இனிமே மாசாமாசம் கொண்டாந்து போட்டுடறேன்."

தமிழ்மொழி கட்டோடு இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அவர் வண்டியைத் திருப்பினார்.

"அக்கா எப்படி இருக்காங்க?" என்றாள் தேவிகா. ரஞ்சித்குமார் போனதிலிருந்து அவளாக வெளியாள் ஒருவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"இருக்காம்மா. காலையில ரெண்டு இட்டிலி சாப்ட்டா."

"சரிங்க."

உள்ளே வரச் சொல்லி ஒரு டீயாவது கொடுத்திருக்கலாம் என்பது, வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் அவளுக்குத் தோன்றியது.