கேட்கப்படாத பரிசு

உள்ளே வந்தவன் ஏன் பரிசைக் கேட்கவில்லை?

காலையிலிருந்து சந்திரலேகாவின் மனம் இந்த ஒரு கேள்வியையே சுற்றிக்கொண்டிருந்தது. சிதம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இயங்கும் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு ரசாயன ஆலைக்காக, வாயு கசிந்தால் சங்கு ஊதும் மென்பொருளை அவள்தான் எழுதியிருந்தாள். முடிந்தால் உடைத்துப் பாருங்கள், ஒரு லட்சம் பரிசு என்று முதலாளி தட்சிணாமூர்த்தி அதன் மாதிரியைப் பத்து நாள் இணையத்தில் திறந்துவைத்தார். ஆயிரக்கணக்கானவர்கள் முட்டிப் பார்த்தார்கள். நேற்றோடு கெடு முடிந்தது. பரிசு கேட்டு ஒருவரும் எழுதவில்லை.

ஆனால் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவுகளைப் படித்துக்கொண்டு வந்தபோது அந்த வரி கண்ணில் பட்டது. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு யாரோ அவள் பெயரிலேயே உள்ளே வந்திருக்கிறான். பதினோரு நிமிடம் இருந்திருக்கிறான். சங்கை நிறுத்தும் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். எந்த வழியாக வந்தான் என்று எவ்வளவு தேடியும் பிடிபடவில்லை. வீடு புகுந்த திருடன் ஒன்றையும் தொடாமல், தூங்குகிறவர்களை எண்ணிவிட்டுப் போனதுபோல் இருந்தது.

"என்னா லேகா, பேயறைஞ்சாப்ல நிக்கற? ஸ்வீட் எடு," என்றார் தட்சிணாமூர்த்தி. "ஊரே சேந்து முட்டுச்சு, ஒரு பயலால முடியல. பாதுகாப்பானதுன்னு கையெழுத்து போடு. எழுதுனவ நீ, நீதான் போடணும். நாளைக்கே ஆலையில மாட்டிடலாம்."

அவள் ஒரு ஜாங்கிரியை எடுத்துக்கொண்டு, அந்த வரியை அச்செடுத்த தாளை நீட்டினாள். அவர் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"உன் பேருதான இருக்கு? நீயே உள்ள போயிருப்ப."

"அந்நேரம் திருவந்திபுரத்துல என் நாத்தனா கல்யாணம் சார். நீங்களும்தான் பக்கத்து எலையில ஒக்காந்து சாப்ட்டீங்க."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"சரி, வந்தவன் ஒண்ணும் பண்ணலயே? காசு கூட கேக்கல. ஜாஸ்தியா யோசிக்கற நீ. ஒங்க வூட்டுக்காரரு வேல பாக்குற எடம், ஆபத்துன்னா நான் இத அங்க மாட்டுவனா?"

அவள் கணவன் இளவரசு இந்நேரம் ஆலையில் ஷிப்டில் இருப்பான். சங்கு ஊதினால் ஓட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஊதாவிட்டால்? லட்ச ரூபாயை வேண்டாமென்று விடுமளவுக்கு, வந்தவன் அந்தப் பக்கத்தில் எதைப் பார்த்தான்? கையிலிருந்த ஜாங்கிரி பிசுபிசுத்தது.

தட்சிணாமூர்த்தி மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"நான் போடல சார்."

பேனாவை மூடி, கடிக்காத ஜாங்கிரியோடு சேர்த்து அச்செடுத்த அந்தத் தாளின் மேல் வைத்தாள்.