உச்சி வரை பேசக்கூடாது

எங்கள் வகுப்பில் எனக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவர்கள் மேல் தப்பில்லை. எல்லாக் குழந்தைகளையும் போல எனக்கும் உரிய வயதில் பேச்சு வந்தது. அதற்குப் பிறகு நிற்கவில்லை, அவ்வளவுதான். "இவன அணைக்கிற சுவிட்ச் எங்கம்மா இருக்கு?" என்று மாமா ஒருமுறை கேட்டதற்கு, "நானும் தேடிக்கிட்டுதாண்ணா இருக்கேன்" என்றாள் அம்மா.

கல்லூரியின் கடைசி வருடச் சுற்றுலாவில் மைக் என் கைக்கு வந்தது அப்படித்தான். நாங்கள் புள்ளியியல் மாணவர்கள். பழைய ஊர்கள், கோட்டைகள், நடுநடுவே வயல்வெளி என்று வழி போட்டவர் எங்கள் மேடம். அந்த வழியில் ஓர் அருவி இருப்பதாக யாரோ கிளப்பிவிட்டதை நம்பி நாங்களும் கை தூக்கினோம். அருவி இல்லை. ஏற்பாடு செய்திருந்த கைடும் இல்லை, காய்ச்சலாம். "நீ எப்படியும் பேசிக்கிட்டுதானே இருக்கப்போற, அத மைக்ல பேசு" என்றார் மேடம்.

என் தொழில்முறை எளிமையானது. வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் முதல் இரண்டு வரியைப் படித்துக்கொள்வேன். மிச்சம் சொந்தச் சரக்கு.

"இந்தத் தூண் ஏன் இவ்வளவு வழவழன்னு இருக்கு தெரியுமா? சபை நடக்கும்போது ராஜா இதுல சாய்ஞ்சுதான் தூங்குவார். எதிர்ல சொரசொரன்னு நிக்குது பாருங்க, அது மந்திரியோடது. பாவம், அவரத் தூங்க விடல."

பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வேறொரு பஸ்ஸில் வந்திருந்த பெரியவர் ஒருவர் எங்கள் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, "தம்பி, அந்த மந்திரி பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். பேருக்கா பஞ்சம்?

ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் கிளம்பினாலே அவளுக்குக் குமட்டும். அதனால் ஜன்னல் சீட்டு, அதனால் அந்தப் பெயர். பின் சீட்டில் நான். அவள் தலை சாயும்போது பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டுவது என் பொறுப்பு. தினமும் போகிற கல்லூரி பஸ்ஸில் ஆரம்பித்த வழக்கம்; எங்கள் நட்பு முழுக்க முழுக்க பிளாஸ்டிக் பைகளின் மேல் கட்டப்பட்டது.

அவள் அம்மாவுக்கு நுரையீரலில் நோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சுற்றுலாவுக்கு வரவில்லை என்றுதான் ஜன்னல் சொல்லியிருந்தாள். அம்மா விடவில்லை. "நீ இங்க உட்கார்ந்து என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தா எனக்கு மூச்சு முட்டுதுடி. ஏற்கனவே முட்டிக்கிட்டுதான் இருக்கு. போ. போய் என்னென்ன பார்த்தியோ அதையெல்லாம் எனக்குச் சொல்லு."

ஆகவே சாயங்காலம் தங்கும் இடத்துக்குப் போனதும் ஜன்னல் வீட்டுக்குப் போன் போட்டு, அன்று நான் விட்ட கதைகளை ஒரு வரி விடாமல் ஒப்பிப்பாள். அந்தப் பக்கம் அவள் அப்பா போனை அம்மாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டிருப்பார்.

"தூங்குமூஞ்சி ராஜா கதைக்கு அம்மா சிரிச்சாங்கடா" என்று முதல் நாள் என்னிடம் ஓடிவந்து சொன்னாள். "சிரிச்சதும் இருமல் வந்துடுச்சு. ஆனா சிரிச்சாங்க."

அதிலிருந்து நான் வகுப்புக்குக் கதை சொல்லவில்லை. இந்த ரேடியோவுக்கு ஒரே ஒரு நேயர்தான்.

மூன்றாம் நாள் குன்றின் மேல் இருந்த ஒரு கோட்டைக்குப் போனோம். அடிவாரத்திலிருந்து செங்குத்தாகக் கல் படிகள். முந்தைய ஊரில் நாங்கள் போட்ட கூச்சலுக்குக் காவலாளி எங்கள் மேடத்தைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். மேடம் என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ரேடியோ, மேல போய்ச் சேர்ற வரைக்கும் இதுங்க வாய மூடிக்கிட்டு வர்ற மாதிரி ஏதாவது எடுத்து விடேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

எடுத்து விட்டேன். "ராஜா சண்டைக்குப் போயிட்டார். போனவங்க யாரும் திரும்பி வரல. அந்த ராணி என்ன பண்ணா தெரியுமா? தெனமும் காலையில இந்தப் படியை ஏறினா. அடியிலேர்ந்து உச்சி வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. மனசுல ராஜாவ மட்டும் நெனச்சுக்கிட்டு ஏறினா. அதனாலதான் அவர் ஒரு கீறல் இல்லாம வந்து சேர்ந்தார். இன்னிக்கும் அது பலிக்குது. யாரையாவது நெனச்சுக்கிட்டுப் பேசாம ஏறினா..."

இங்கே 'நினைத்தது நடக்கும்' என்று முடித்திருந்தால் போதும். எங்கள் வகுப்புத் தடியன் தன் அரியர் பாஸாக வேண்டுமென்று ஏறியிருப்பான். மற்றவர்கள் வேலை கிடைக்க வேண்டுமென்று. ஆனால் வாக்கியத்தின் நடுவில் ஜன்னலின் முகம் என் கண்ணில் பட்டுத் தொலைத்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க அவள் மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"...நாம நெனச்சவங்க உசுருக்கு ஒண்ணும் ஆகாது" என்று முடித்தேன்.

அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். உச்சிக்குப் போகும் வரையாவது கையில் வைத்திருக்கட்டுமே என்று தோன்றியது.

ஏறினோம். பாதி வழியில் தடியன், "ஐயோ என் முட்டி!" என்று கத்தித் தகுதி இழந்து உட்கார்ந்தான். அவனைப் பார்த்துச் சிரித்து இன்னும் சிலர் கெட்டார்கள். ஜன்னல் பரீட்சை எழுதுகிறவளைப் போல ஏறிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால். தேய்ந்திருந்த படி ஒன்றில் அவள் கால் வழுக்கியது. சட்டென்று பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவள் மூச்சோடு மூச்சாக "அம்மா" என்றது எனக்குக் கேட்டது. யாருக்குக் கால் இடறினாலும் வருகிற சொல்தான். அவளுக்கே கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே அவள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். திரும்பி அதை என்னிடம் காட்டினாள். அப்பா. புருவத்தை உயர்த்தினாள்: எடுக்கவா?

நான் உதட்டில் விரலை வைத்தேன். இன்னொரு கையால் மேலே காட்டினேன்: இதோ வந்துட்டோமே. கண்ணைக்கூட உருட்டினேன், ராணியின் காவல்காரனைப் போல. மகா நடிகன்.

அவள் சிரித்தாள், சத்தமில்லாமல். போன் அடித்து ஓய்ந்தது.

உச்சியில் காற்று பேயாக வீசியது. கடைசிப் படியில் காலை வைத்ததுமே அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். "படியில இருந்தேன்ப்பா, அதான் எடுக்கல... என்னப்பா? அழாம சொல்லுங்க... எப்போ?... இப்பவா? இப்ப கூப்பிட்டீங்களே, அப்பவா?" பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். "என்கிட்ட பேசணும்னாங்களா?"

எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்த கும்பல் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் கத்தியது. "உச்சி வந்தாச்சுடோய்! பேசலாம்!"

மேடம் ஒரு வாடகைக் கார் பிடித்தார். கூட்டத்தைக் கூட வந்திருந்த இன்னொரு சாரிடம் ஒப்படைத்துவிட்டு முன் சீட்டில் தானே ஏறிக்கொண்டார். "கூட யார் வரணும்மா?" என்று கேட்டதற்கு ஜன்னல் என்னைக் காட்டினாள். பிளாஸ்டிக் பை எடுத்துக்கொண்டு ஏறினேன். வழியெல்லாம் காலையில் பார்த்த வயல்கள், நாங்கள் கையாட்டிய அதே ஆடுகள். அவளுக்கு அன்று குமட்டவே இல்லை.

"ரேடியோ."

"சொல்லு."

"நீ எனக்குப் பின்னாடிதானே வந்த. வழுக்கினப்ப நான் அம்மான்னு சொல்லிட்டேன் இல்ல?"

கையிலிருந்த பிளாஸ்டிக் பையை மடிக்க ஆரம்பித்தேன்.

"சொல்லு. சொல்லிட்டேன்ல? அதனாலதான் பலிக்கல."

எந்த ஊரிலும் எந்தத் தூணுக்கும் எனக்குப் பதிலுக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை. இதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. கதை நிஜம் என்றால், அந்த ஒரு சொல்லால் அவளே அம்மாவைத் தொலைத்தாள். கதை பொய் என்றால், கடைசி அழைப்பை ஒரு ஜோக்குக்காக விட்டாள். மூன்றாவதாக ஒன்றைத் தேடினேன். என்னைப் போன்றவனிடம் மூன்றாவது எப்போதும் இருக்கும். இல்லை.

"அப்படி ஒரு ராணியே இல்ல" என்றேன். "நான்தான் விட்டேன். அங்க நின்னு, அந்த நிமிஷம் யோசிச்சது. நீ என்ன சொல்லியிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது."

"தெரியும்" என்றாள். "நீ விடுறதுதான்னு தெரியும். தெரிஞ்சுதான் ஏறினேன்." பிறகு, "அப்ப போன எடுத்திருக்கலாம்" என்றாள்.

"எடுத்திருக்கலாம்."

"நீ வாயில விரல வச்ச."

"வச்சேன்."

அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வீடு வர்ற வரைக்கும் நீ பேசாத" என்றாள்.

பேசவில்லை. மேடம் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது தலையை ஆட்டினேன். ஊருக்குள் நுழைந்ததும் டிரைவர், "தம்பி, லெஃப்டா ரைட்டா?" என்றார், கையைக் காட்டினேன். "வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்று அவர் முனகினார். வெட்கமாக இருந்தாலும் உண்மை: ஒரு வார்த்தை பேசாமல் போய்ச் சேர்ந்தால் ஏதாவது மாறிவிடும் என்பது போல உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானே இட்டுக்கட்டிய கதை, நானே அதன் கடைசி பக்தன்.

எதுவும் மாறவில்லை. வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கதவருகே ஒரே செருப்புக் குவியல். கார் நின்றதும் அவள் அப்பா எழுந்து வந்தார். மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீதானே அந்த ரேடியோ?"

தலையாட்டினேன்.

"உன் கதைன்னா இவ அம்மாவுக்கு உசுருப்பா. இன்னிக்கு ஏதோ கோட்டைக்குப் போறாங்களாமே, என்ன கதைன்னு இப்பவே கேக்கணும்னா. சாயந்திரம் பாப்பாவே கூப்பிடுவா, கொஞ்சம் பொறுடின்னேன். பொறுக்கல. அதுக்குத்தான் கூப்பிட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என்ன கதை தம்பி அது?"

வீடு வந்துவிட்டது. இனி நான் பேசலாம். வாயைத் திறந்தேன். பிறந்ததிலிருந்து எல்லோரும் தேடிக்கொண்டிருந்த அந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

"அங்க கதையெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்றாள் ஜன்னல். "வெறும் படிதான்."

"ஓ" என்று தலையாட்டிவிட்டு, அவர் அவள் பையை வாங்கிக்கொண்டார்.