சம்பந்தி வீட்டுப் புகையறை

பெண்ணைக் கொடுத்த இடத்தில் சிகார் பிடிக்கிற சம்பந்தி வாய்த்ததைத் தன் வாழ்நாள் அதிர்ஷ்டம் என்றுதான் சர்வேயர் நினைத்திருந்தார். அது எப்பேர்ப்பட்ட அசட்டு நினைப்பு என்று புரிய அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மனுஷன் நிலத்தை அளப்பதில் புலி. வீட்டு விஷயத்தில் கொஞ்சம் மந்தம்.

சுருட்டு என்றால் முகத்தைச் சுளிக்கிறவர்கள் சிகார் என்றால் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். அதனால் அவரும் சிகார் என்றே சொல்லிவந்தார். அளவு வேலைக்கு எந்த ஊருக்குப் போனாலும், வேலை முடிந்ததும் கருவிப் பெட்டியை அறையில் போட்டுவிட்டு, சிகார் விற்கிற கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இதுவரை பிடித்துப் பார்க்காத ஒன்றை எடுத்து, விரலால் லேசாக அமுக்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, ஒன்றே ஒன்று வாங்குவார். புகையை உள்ளே இழுக்கமாட்டார். வாயிலேயே உருட்டி வெளியே விட்டுவிட்டு, “முதல்ல மிளகு. அப்புறம் பாதாம் தோல். கடைசியில கருகின சர்க்கரை” என்று யாரும் கேட்காமலே சொல்லுவார். யாரும் கேட்பதில்லை என்பதுதான் அவருடைய ஒரே குறை. மனைவி இருந்தவரை அந்தச் சமாசாரம் பால்கனியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அவள் போன பிறகு கூடத்துக்கு வந்தது, கொஞ்ச நாளில் படுக்கையறைக்கும் வந்தது. தடுக்க ஆளில்லை.

மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன அன்று, டைல்ஸ் கடை முதலாளியான பையனின் அப்பா ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஈரப்பதம் காட்டும் முள்ளோடு, வரிசை வரிசையாகச் சிகார்கள். சர்வேயருக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர்கள் இருவரும் அதிலேயே மூழ்கிவிட்டார்கள். பையன் என்ன படித்தான், என்ன சம்பாதிக்கிறான் என்பதையெல்லாம் பெண்ணே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

திரும்பி வரும்போது வண்டியில் அவள் சொன்னாள், “எனக்கு மாப்பிள்ளை பாத்தீங்களா, இல்ல உங்களுக்கு சம்பந்தி பாத்தீங்களாப்பா?”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிறு தவறாமல் மகளைப் பார்க்கப் போவார். மகளைப் பார்க்கப் போகிறேன் என்று பெயர். போனதும் சம்பந்தி தோளில் கை போட்டு வீட்டின் பின்பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய்விடுவார். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. இரண்டு தோல் சோபா, நடுவில் ஒரு மேசை, கனமான சாம்பல் கிண்ணம். பக்கத்துக் கட்டிடத்துக்காரர்கள் சண்டைக்கு வந்ததால் ஜன்னலை மூடி ஆணி அடித்திருந்தார்கள். புகைபோக ஒரு மின்விசிறி உண்டு. அது போடுகிற சத்தத்தில் பேச முடியவில்லை என்று சம்பந்தி அதையும் நிறுத்தி வைத்திருந்தார். அந்த அறைக்கு ஒரு சட்டமும் இருந்தது: பற்றவைத்த சிகாரை நசுக்கி அணைக்கக் கூடாது, பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகவும் கூடாது. நெருப்பு, சிகாரைச் சுற்றிய காகித வளையத்தின் அருகே வந்த பிறகுதான் எழுந்திருக்கலாம். சர்வேயருக்கும் அந்தச் சட்டம் முழுச் சம்மதம். நல்ல சரக்கை மதிக்கத் தெரிந்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று கடைகளில் சொல்லிக்கூட இருக்கிறார்.

மகளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது ஒரு நாள் ஃபோன் வந்தது. பின்னால் டிவி சத்தம் கேட்டது.

“அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்.”

“சொல்லும்மா.”

“ஃபோன்ல வேணாம். ஞாயித்துக்கிழமை வரப்போ, தனியா ஒரு பத்து நிமிஷம்.”

பெண்ணைப் பெற்றவனுக்கு 'தனியாப் பேசணும்' என்ற ஒரு வார்த்தை போதும். அடிக்கிறானோ, குடிக்கிறானோ, வேறு ஏதாவதோ என்று அந்த வாரம் முழுக்க நிலத்தைத் தப்புத் தப்பாக அளந்துகொண்டிருந்தார்.

ஞாயிறு போனார். வாசலிலேயே சம்பந்தி பிடித்துக்கொண்டார். கையில் அதுவரை சர்வேயர் கண்ணால்கூடப் பார்த்திராத, கறுத்து மினுங்குகிற ஒன்று. ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஏதாவது சாக்குச் சொல்லி வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார். அது அவ்வளவு நன்றாக இருந்து தொலைத்தது. மூன்று தடவை சுவை மாறியது. வெளியே வந்தபோது மகள் அலுத்துப்போய்த் தூங்கிவிட்டாள், எழுப்ப மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறும் அதே கதை. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் வந்து நின்றுவிட்டுப் போனதை அவர் பார்த்தார், பார்த்துவிட்டு இன்னொரு வாய் புகையை உருட்டினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது என்று பிற்பாடு சொல்லி என்ன பிரயோஜனம்.

மூன்றாம் ஞாயிறு, என்ன வந்தாலும் சரி, இன்றைக்குத் தொடப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் படியேறினார். மகள் கூடத்தின் கோடியில் நின்றாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது, கன்னம்தான் ஒட்டிப்போயிருந்தது. கண்ணால் ஏதோ சொன்னாள். அதற்குள் தோளில் கை விழுந்துவிட்டது.

“வாங்க வாங்க. காலையிலேருந்து உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கேன்.”

“இன்னிக்கு வேணாம் சம்பந்தி. தொண்டை சரியில்ல.”

“தொண்டைக்கும் இதுக்கும் என்ன? நீங்கதான் உள்ள இழுக்கறதே இல்லையே.”

“அப்ப சின்னதா ஒண்ணு போதும்.”

“சின்னதெல்லாம் தீந்துபோச்சு” என்று சொல்லிக்கொண்டே சம்பந்தி பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். சின்ன டார்ச் லைட் அளவுக்கு இருந்தது. சர்வேயரின் கண் பழக்கதோஷத்தில் அதை அளந்தது. இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. போன வாரத்தது இதைவிட ஒரு விரல் கம்மி, அதற்கு முந்தின வாரத்தது இன்னும் கம்மி. அளப்பதே பிழைப்பாக இருக்கிற மனுஷனுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

“சம்பந்தி, வரவர நீளமாயிட்டே போகுதே.”

டைல்ஸ் முதலாளி கூச்சத்தோடு சிரித்தார். “கண்டுபிடிச்சிட்டீங்க. வேணும்னுதான் தேடித் தேடி வாங்கறேன். என்ன பண்றது சொல்லுங்க. பையன் வாயைத் திறந்தா கடைப் பேச்சு. ஞாயித்துக்கிழமைகூடக் கடையிலதான் கிடக்கறான். வீட்டுல இருக்கறவங்களுக்கு டிவி. நீங்க கிளம்பிட்டா அடுத்த ஞாயிறு வரைக்கும் ராத்திரியெல்லாம் இங்க ஒத்தையா உக்காந்து ஊதிட்டிருக்கேன். நீங்க சொல்லலைன்னா எதுல என்ன ருசின்னு எனக்கு எங்க தெரியுது?”

திட்டுகிறவனைத் திருப்பித் திட்டிவிட்டு வந்துவிடலாம். இப்படிப் பாசமாகப் பிடித்து வைக்கிறவனை என்ன செய்வது? அதுவும் பெண்ணைக் கொடுத்த இடம். இவர் முகம் கோணினால் அதை அங்கே இருந்து அனுபவிக்கப் போகிறவள் மகள். சர்வேயர் மென்று விழுங்கிக்கொண்டு நுனியை வெட்டினார். சம்பந்தி தானே நெருப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டிப் பற்றவைத்துக் கொடுத்தார்.

கால்வாசிகூட ஆகவில்லை. கண்ணாடிக்கு வெளியே மகள் வந்தாள். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தாள், போய்விட்டாள். சம்பந்திக்கு முதுகு அந்தப் பக்கம்.

“பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்” என்று சர்வேயர் எழுந்தார்.

“வெளிய எதுக்கு? இந்தாங்க, இங்கயே இருக்கு. உங்களுக்காகத்தான் போன வாரம் புது டைல்ஸ் ஒட்டினேன்.”

போய் நின்றுவிட்டு வந்தார். உண்மையிலேயே நல்ல டைல்ஸ். மார்பு வலிக்கிறது என்று சொல்லலாமா என்று யோசித்தார். சொன்னால் சம்பந்தி ஆஸ்பத்திரி வரை கூட வருவார், சரியாகும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மூடிய ஜன்னலைப் பார்த்தார். புகை மேலே போய், வெளியேற வழியில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு மூச்சு முட்டியது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாசனை அவருக்குக் குமட்டியது.

மறுபடி கண்ணாடியில் மகள் முகம் தெரிந்தது. இந்தத் தடவை அவள் எந்தச் சைகையும் செய்யவில்லை. சும்மா பார்த்தாள். கேட்டுப் பார்த்துக் கைவிட்டவர்கள் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

சர்வேயர் கையிலிருந்ததை மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளருக்குள் விட்டார். சுர்ரென்றது. சம்பந்தி அடிபட்டவர் மாதிரி அந்த டம்ளரையே பார்த்தார்.

“மன்னிச்சுக்குங்க. நான் என் பொண்ணுகிட்டப் பேசணும்.”

கூடத்தில் சம்பந்தியம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஜன்னலோரமாக நின்றிருந்தாள். அவர் வேகமாக அவளை நோக்கிப் போனார். அவள் பின்னால் நகர்ந்தாள்.

“அங்கயே நில்லுங்கப்பா. கிட்ட வராதீங்க.”

கூடத்தின் நடுவில், விரிப்பின் ஓரத்தில் நின்றுகொண்டார். தனியாகப் பேச வேண்டியதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேச வேண்டியதாயிற்று. சம்பந்தியம்மா டிவி சத்தத்தை நிறுத்திவிட்டார்.

“எதுவா இருந்தாலும் பயப்படாம சொல்லும்மா. நான் இருக்கேன். கை நீட்டறானா அவன்?”

“ஐயோ அப்பா. யாரும் எதுவும் பண்ணல. எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க.” அவள் துப்பட்டாவை வாயிலிருந்து எடுக்காமலே பேசினாள். “இந்தப் புகைதாம்பா. எங்க ரூமும் அதுவும் ஒரே சுவர். ராத்திரி பகல் அந்த வாசனைதான். சாப்பிட்டது நிக்க மாட்டேங்குது. எடை ஏறல, இப்படியே போனா குழந்தைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்றாங்க. மாமாகிட்ட எப்படிச் சொல்றது? உங்ககிட்ட சொல்லலாம்னா, நீங்களும் அதே ரூம்ல போய் உக்காந்துக்கறீங்க. நான் யார்கிட்டப்பா சொல்லுவேன்?”

பின்னால் கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. சம்பந்தி புகைகிற சிகாரோடு வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். புகை அவர் தலைக்கு மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

“இப்பவே கிளம்பும்மா” என்றார் சர்வேயர். “நம்ம வீட்டுக்குப் போலாம்.”

“நம்ம வீட்டுக்கா?” அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். “போன மாசம் வந்தேனே, கதவைத் திறந்ததும் வாசல்லயே வாந்தி எடுத்தேனே. ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கலன்னு சொன்னீங்க. அதைப் பத்திப் பேசத்தாம்பா கூப்பிட்டேன். அம்மா இருந்தப்ப இருந்த மாதிரி வீட்டை ஆக்கித் தர முடியுமா? அப்படின்னா நான் வந்து இருந்துக்குவேன்.”

அன்றைக்கே வீட்டைக் கலைத்துப் போட்டார். சேர்த்து வைத்திருந்த சிகார்களையெல்லாம், இன்னும் பிடித்துப் பார்க்காதவை உள்பட, ஒன்றுவிடாமல் குப்பையில் கொட்டினார். மனசு கேட்கவில்லை, ஆனாலும் கொட்டினார். சோபாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். திரைச்சீலை, தலையணை உறை, மெத்தை விரிப்பு எல்லாவற்றையும் துவைத்தார், திரும்பத் துவைத்தார். சுவரைச் சோப்புத் தண்ணீரால் கழுவியபோது வாளியில் தண்ணீர் பழுப்பாக இறங்கியது. பிறகு ஆள் வைத்து வெள்ளையடித்தார். மனைவியின் புடவைகளை அலமாரியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாக முகத்தில் வைத்துப் பார்த்தார். துணி வாசனையைத் தவிர எதுவும் தெரியவில்லை. அதனால் அவற்றையும் துவைத்துப் போட்டார்.

பெயின்ட் டப்பாவை வெளியே வைக்கும்போது பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். மரியாதையானவர், இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

“பரவாயில்லையே சார்” என்றார். “இப்ப நல்லாவே குறைஞ்சிருக்கு.”

சர்வேயர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கூடத்தின் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு மூச்சை ஆழமாக இழுத்தார். படுக்கையறைக்குப் போய் இழுத்தார். சுவரில் மூக்கை வைத்து இழுத்தார். வெறும் காற்றுதான் உள்ளே போனது. அங்கே குறைந்திருப்பது எது, மிச்சமிருப்பது எது என்று அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஃபோன் அடித்தது, மகள்தான். சம்பந்தி அந்த அறைப் பக்கமே போவதில்லையாம். கூடத்தில் வந்து யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாராம். ஆனாலும் சுவரில் ஏறிய வாசனை இறங்கவில்லையாம். அவள் பையெல்லாம் அடுக்கி வைத்துவிட்டாளாம்.

“நம்ம வீட்டுல போயிடுச்சாப்பா?” என்று கேட்டாள். “நான் கிளம்பி வரட்டுமா?”

சர்வேயர் இன்னொரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தார்.

“தெரியலம்மா” என்றார். “நான் இதுக்குள்ளயே இருக்கேன்ல, எனக்கு எப்படித் தெரியும்?”