மீசையும் மூழ்கிய கப்பலும்

கப்பல் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் ஒரு கப்பலைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை என்றால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆக வேண்டும். துறைமுகத்துக்கும் அந்த அலுவலகத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நாலாவது மாடி ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏசி பெட்டிகள்தான் தெரியும். எந்தக் கப்பல் கிளம்பியது, எது தரைதட்டியது, எது மூழ்கியது, எல்லாம் அவள் விரல் வழியாக டைப்பாகிப் போகும். கப்பல் மட்டும் கண்ணில் பட்டதே கிடையாது.

அதனால்தான், கடலுக்கடியில் அதிக ஆழமில்லாத இடத்தில் ஒரு பழைய சரக்குக் கப்பல் கிடக்கிறது, கற்றுக்குட்டிகளும் இறங்கிப் பார்க்கலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கொள்ளை ஆசை வந்துவிட்டது. ஆசைக்கு ஏற்ற பணம் வரவில்லை. ஆனால் சிக்கனத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கூட்டமில்லாத மாதம், வார நாள், ஏசி இல்லாத பஸ், டைவிங் கடைக்கு மேலேயே ஓர் அறை, சாப்பாட்டுக்கு வீட்டு டிபன் பாக்ஸ் என்று இழுத்துப் பிடித்துத் திட்டம் போட்டாள். எல்லாவற்றுக்கும் மேல், ஜோடியாக வந்தால் பாதிக் கட்டணம். தனியாகப் போவதென்றால் கட்டுப்படியாகாது. ஆக, கணவர் வந்தால்தான் கப்பல்.

கணவர் சலூன் வைத்திருந்தார். கடைக்குப் பெயர்ப்பலகை இருந்ததே தவிர அதில் பெயர் இல்லை. அவருடைய மீசையை மட்டும் பெரிதாக வரைந்து வைத்திருந்தார்கள். ஊரே அவரை மீசை என்றுதான் கூப்பிட்டது.

"நீ கடல்ல குதின்னா குதிக்கிறேன். கடைக்கு லீவு விடற நாளை மட்டும் முன்னாடியே சொல்லிடு" என்றார். அவ்வளவுதான், ஒப்புக்கொண்டுவிட்டார்.

பயணத்துக்கு முன்னால் உள்ளூர் நீச்சல் குளத்தில் பயிற்சி. வாயில் காற்று சிலிண்டரின் குழாயைக் கவ்வியபடி, கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, மேலே வராமலேயே அதை வெளியேற்றிக் காட்ட வேண்டும். காட்டாதவர்களுக்குக் கப்பல் கிடையாது. முகம் கழுவும்போதுகூட மூச்சைப் பிடித்துக்கொள்கிறவள் அவள். மூக்கில் தண்ணீர் என்றாலே உயிர் போய்விடும். வெளியே சொல்லவில்லை.

முதல் நாள் தண்ணீருக்குள் அவள் முகத்தில் ஒரு தசையும் அசையாமல் சாமி சிலை போல உட்கார்ந்திருந்தாள். மாஸ்க்கில் ஒரு சொட்டு இறங்கவில்லை. மீசைக்கோ நிற்காமல் இறங்கியது. ஊதி ஊதி வெளியேற்றினார், மறுபடி இறங்கியது. கடைசியில் மேலே வந்து கத்தினார்.

"மாஸ்க் ஓட்டைம்மா!"

வேறு கொடுத்தார்கள். அதுவும் ஓட்டை என்றார். இன்னொன்று கொடுத்தார்கள். அதையும் திட்டினார். பயிற்சி கொடுத்த பெண் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னாள்.

"அண்ணே, ஓட்டை மாஸ்க்ல இல்ல. உங்க மீசை வழியாத்தான் தண்ணி உள்ள வருது. இப்படியே கடல்ல இறக்க முடியாது. அதுக்கு..."

பயிற்சிப் பெண் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கேட்க ஆள் எங்கே? துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மீசை விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

வீட்டில் இரண்டு நாள் அவள் அந்த மீசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எடுங்கள் என்று எப்படிக் கேட்பாள்? அந்த மீசை அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சீனியர்.

"விடுங்க, கப்பல் எங்கயும் ஓடிப் போயிடாது. மூழ்கினதுதானே" என்று சிரித்து மழுப்பினாள். உண்மையைச் சொன்னால் நெஞ்சின் ஒரு மூலையில் அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது. இனி அந்தத் தண்ணீர்ப் பரீட்சை இல்லையே! அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது. ஆசைப்பட்டவளும் அவள்தான், பயந்து ஒதுங்குகிறவளும் அவள்தான்.

அடுத்த வகுப்பன்று பதிவை ரத்து செய்யக் குளத்துக்குப் போனாள். அங்கே வாயைத் துண்டால் மூடிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். துண்டை எடுத்தார். மீசை இருந்த இடத்தில் மழுமழுவென்று, வெயிலே படாத வெளுப்பில், ஓர் உதடு இருந்தது.

"ஐயோ அண்ணே!" பயிற்சிப் பெண் அலறினாள். "மூக்குக்குக் கீழ நூலளவு ஒதுக்கினா போதும்னுதானே சொல்ல வந்தேன்! கொஞ்சம் வாசலின் தடவியிருந்தாக்கூட சமாளிச்சிருக்கலாமே!"

"அரைகுறை வேலை என் கடையில கிடையாதும்மா" என்றார் அவர், துண்டை மடித்துக்கொண்டே.

இனி எப்படி ரத்து செய்வது? அவளும் இறங்கினாள். தண்ணீருக்கடியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் மாஸ்க்கில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பெருமையோடு அவளைப் பார்த்தார். அந்த உதட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்ததில் கன்னம் மடங்கியது, மடங்கிய இடத்தில் வழி கிடைத்து மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கண் மறைந்தது. மூக்கில் ஏறியது. செத்தோம் என்றே நினைத்தாள்.

அவள் கையை ஒரு கை கெட்டியாகப் பிடித்தது. மீசையால் பட்ட பாட்டில் தண்ணீரை வெளியேற்றுவது அவருக்கு அத்துப்படியாகியிருந்தது. அவள் விரல்களை மாஸ்க்கின் மேல்விளிம்பில் வைத்து அழுத்தினார், தாடையைத் தொட்டு நிமிர்த்தினார். அவள் மூக்கால் ஊதினாள். தண்ணீர் போய்விட்டது! கண் தெரிந்தது. எதிரே மறுபடி அதே உதடு. மறுபடி சிரிப்பு, மறுபடி தண்ணீர், மறுபடி ஊதல். வகுப்பு முடிவதற்குள் எத்தனை தடவை ஊதினாள் என்று கணக்கே இல்லை.

"உங்களுக்குப் பரீட்சையே வேணாம்க்கா" என்றாள் பயிற்சிப் பெண்.

ஊருக்குக் கிளம்பும்வரை சலூனுக்கு வந்தவர்களெல்லாம் அவரிடமே "ஓனர் இல்லையா?" என்று கேட்டார்கள். "கப்பல்ல போயிருக்கார்" என்று சொல்லி வைத்தார்.

கடலுக்கடியில் அந்தக் கப்பல் ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதன் கைப்பிடிக் கம்பிக்குள் மீன்கள் புகுந்து புறப்பட்டன. கூடவே இறங்கியிருந்த பயிற்சிப் பெண் தலையசைத்ததும் அவள் மெல்லக் கையை நீட்டித் தொட்டாள். சொரசொரவென்று இருந்தது. இத்தனை வருஷம் டைப்படித்த விரல்கள் கடைசியில் கப்பலைத் தொட்டுவிட்டன. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தாள். அவர் கம்பியோரம் மிதந்தபடி, கப்பலுக்கே கேப்டன் போல, இல்லாத மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

மாஸ்க் நிரம்பிக் கப்பல் மறைந்தது. அவள் பதறவில்லை. நிமிர்ந்து ஒரே ஊது ஊதினாள். கப்பல் திரும்பி வந்தது, பக்கத்தில் அவரும்.