சாம்பல் நிறப் பாத்தி

கடலுக்கு அடியில் இப்போதும் மழைதான். ஆறு நேற்றுக் கொண்டுவந்த சேறு இன்னும் தரையைத் தொட்டிருக்காது. துகள் துகளாக, அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். அதற்குள் போய்ப் படுத்தால் என்னையும் மெல்ல மூடிவிடும், யார் என்று கேட்காமல் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் மிரன்.

"ஏ மிரன், தூங்கிட்டியா? கயிறு தொய்ஞ்சு கெடக்கு பாரு."

மால்சுக் அக்கா. படகும் அவளுடையது, படகுக்குக் கீழே இருந்த மட்டிப் பாத்தியும் அவளுடையது. விரிகுடாவின் அடிமண்ணை வகை பிரித்து வரைபடமாக்குவது மிரனின் வேலை. மணல் என்றால் மஞ்சள், சேறு என்றால் சாம்பல். மஞ்சள் விழும் பாத்திகளில்தான் மீனவர் சங்கம் இந்த வசந்தத்தில் மட்டிக்குஞ்சு விதைக்கும்.

கயிற்றில் இறக்கியிருந்த மண் அள்ளும் கருவி மேலே வந்தது. அதன் இரும்புத் தாடைகளுக்கு நடுவே ஒரு சிப்பி சிக்கியிருந்தது. அந்த இடுக்கு வழியாகச் சாம்பல் புகைபோல ஏதோ தண்ணீரில் பிரிந்து போனதை மிரன் பார்த்தாள். தட்டில் கொட்டியபோது ஒரு கைப்பிடி மணல்தான் மிஞ்சியிருந்தது.

"மணலு," என்றாள் அக்கா, மெதுவாக.

"சேறு கழுவிட்டுப் போயிடுச்சுக்கா. இன்னொரு தடவ போட்டுப் பாப்போம்."

இரண்டாம் முறை தாடைகள் இறுக மூடி வந்தன. மிரன் ஒரு சிட்டிகை எடுத்து முன்பற்களுக்கிடையே வைத்துக் கடித்தாள். நறநறக்கவே இல்லை. வெண்ணெய்போல் வழுக்கியது, சேறுதான்.

"மண்ணத் தின்னே வயித்த ரொப்பிக்கிறே. நான் சோறு சுருட்டிக் கட்டிட்டு வந்த கிம்பாப் கசக்குதாக்கும்." அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "மொதல்ல வந்ததையே எழுதேன்டி. அதுவும் என் பாத்தி மண்ணுதான? சுத்தி எல்லாருக்கும் மஞ்சளு. என்னுது சாம்பல்னா சங்கம் பாத்தியையே திருப்பி வாங்கிடும்."

மிரனுக்கு அந்த மஞ்சளைக் கொடுத்துவிட வேண்டும்போல் இருந்தது. கேட்பவள் வேறு யாராவதாக இருந்திருந்தால் மறுப்பது எளிதாக இருந்திருக்கும். நகக்கண் அளவு குஞ்சுகள் அந்த மென்மைக்குள் வாய் திறப்பதை அவள் மனதில் கண்டாள். மூச்சுக்குப் பதில் சேறு. கோடையில் அக்கா மட்டி அள்ளும் வாரியில் வெற்று ஓடுகள் கலகலக்கும். அப்போதும் அக்கா இவளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

"அந்த வரைபடத் திரையில ஒரு விரல் வச்சா மஞ்சளாயிடும்ல?"

"ஆயிடும்க்கா."

மிரன் முதல் தட்டை எடுத்துப் படகின் விளிம்பில் சாய்த்தாள். மணல் மினுங்கிக்கொண்டே கடலுக்குள் போனது.