மரக்கிண்ணத்துச் சோப்பு

சவரச் சோப்பு வாங்குவதில் சிவகாசியில் என்னைவிட விவரமான பெண் இருக்க மாட்டாள். பிரஷ் வேண்டாம், கையாலேயே பூசலாம் என்று விற்கும் கிரீம் வழுக்கும், நுரை நிற்காது. புதினாக் கிரீம் போடும்போது குளுகுளுவென்று இருக்கும், கழுவிய பிறகு எரியும். எலுமிச்சை வாசக் கிரீம் என் கணவர் கழுத்தைச் சிவக்க வைத்தது. குச்சி சோப்பு மலிவுதான், ஆனால் தேய்க்கும்போது தோலை இழுக்கும். எல்லாவற்றையும் அவர் தாடையில் போட்டுப் பார்த்து, கடைசியில் சந்தன வாசமுள்ள ஒரு டியூப் கிரீமில் வந்து நின்றோம்.

என் கணவர் சாலமன்ராஜ், பக்கத்து ஊரான எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார். மருந்து கலக்கும் ரூமில் தீப்பிடித்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு தொழிலாளியை இழுத்து வெளியே போட்டார். அதில் இவருக்கு இரண்டு கையும் வெந்துபோயின, கழுத்திலும் தீ பட்டது. தொடைத் தோலை எடுத்துக் கையில் ஒட்டினார்கள். விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன. வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால் போகப் போக மடங்கும் என்று டாக்டர் சொன்னார். ஸ்பூனை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துச் சாப்பிடும் அளவுக்கு வந்தார். அதற்கு மேல் வரவில்லை என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

நான் ஆஸ்பத்திரி நர்ஸ். ஊட்டிவிடுவதும் உடம்பு துடைப்பதும் எனக்குத் தொழில். சவரம் மட்டும் அப்படி இல்லை. காலையில் பின்வாசல் குழாயடியில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். நான் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்புவேன். "சிஸ்டர், பேஷண்டக் கொஞ்சம் பாத்து" என்பார். "வாய மூடுங்க அத்தான், ஒதட்ட வெட்டிருவேன்" என்பேன். அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த புதிதில் ஒருநாள் விருதுநகர் போயிருந்தேன். தெப்பக்குளம் பக்கத்துக் கடையில், மூடி போட்ட மரக்கிண்ணத்தில் ஒரு வட்டச் சோப்பு இருந்தது. டியூப் கிரீம் யார் தேய்த்தாலும் நுரைக்கும். இது கெட்டிச் சோப்பு. ஒரு கையால் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்து, மறு கையால் ஈரப் பிரஷ்ஷைச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். விரலும் மணிக்கட்டும் ஒழுங்காக இருந்தால்தான் நுரை கட்டும். அதற்காகவே வாங்கினேன்.

"கை சரியானதும் இத நீங்களே நுரைச்சு, நீங்களே வழிக்கணும். அதுவரைக்கும் இத யாரும் தொறக்கக் கூடாது" என்று சொல்லிப் பீரோவுக்கு மேலே வைத்தேன். அவர் கண் கலங்கியது. நானும் அழுதேன்.

போன வருடம் குவைத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. பரீட்சை, இன்டர்வியூ எல்லாம் முடிந்து வேலைக்கான பேப்பரே வந்துவிட்டது. நர்சிங் படித்த காலத்திலிருந்து ஆசைப்பட்ட வேலை. இவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று குழம்பினேன். "உன் இஷ்டம் ஜாஸ்பின். என்னால நீ கெட வேண்டாம்" என்றார். சொல்லும்போது இரண்டு கையும் மடியில் விறைத்துக் கிடந்தன. அந்தக் கைகளைப் பார்த்துத்தான் வேண்டாம் என்று சொன்னேன். என் இடத்தில் கூடப் படித்த ஜெஸ்லின் போனாள். அவள் படம் அனுப்பும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

நேற்று மதுரை ஏஜென்சியிலிருந்து மறுபடியும் போன். இன்னோர் இடம் இருக்கிறது, இன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும் என்றார்கள். இந்தத் தடவையும் வேண்டாம் என்றே சொல்லப்போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார்.

இன்று காலை கிரீம் தீர்ந்துபோயிருந்தது. டியூப்பை வாலிலிருந்து சுருட்டிப் பிழிந்தும் காற்றுதான் வந்தது. எனக்கு டூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பீரோ மேலே கையை விட்டேன்.

"அத ஏன் எடுக்க?" என்றார் பின்வாசலிலிருந்து. குரலில் ஒரு பதற்றம்.

"கிரீம் இல்ல அத்தான்."

"கை சரியானாத்தான் தொறக்கணும்னு நீதான சொன்ன? இன்னைக்கு ஒரு நாள் வழிக்கலேன்னா என்ன?"

"ஒரு நாள் நான் தொட்டாக் கொறஞ்சா போகும்?" என்று மூடியைத் திறந்தேன்.

சோப்பு நடுவில் குழிந்து கிடந்தது. ஓரத்தில் வளையம்போல் கொஞ்சம் மிச்சம், நடுவில் கிண்ணத்தின் மரம் தெரிந்தது. எலியோ என்று ஒரு நொடி நினைத்தேன். எலி இத்தனை வட்டமாகத் தின்னாது. என் அப்பாவும் இந்த மாதிரிச் சோப்புத்தான் போட்டார். தினமும் தேய்த்தாலும் ஒரு கிறிஸ்துமஸுக்கு வாங்கினால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை வரும். கிண்ணத்தின் அடி தெரிய வேண்டுமென்றால் எத்தனை காலம் தேய்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஓரத்தில் இருந்த சோப்பில் நுரை கட்டி அவர் முகம் முழுக்கப் பூசினேன். இடது கன்னத்தை வழித்தேன். பிறகு ரேசரை அவர் மடியில் வைத்தேன்.

"மிச்சத்த நீங்களே வழிங்க."

"என்ன வெளையாட்டு இது?"

கிண்ணத்தை அவர் கண்முன் நீட்டினேன். பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒன்னய அசத்தணும்னுதான் ஆரம்பிச்சேன் ஜாஸ்பின். நீ டூட்டிக்குப் போன பொறவு நுரைச்சுப் பாப்பேன். பிளேடு போடாம ரேசர ஓட்டிப் பழகுனேன். கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காட்டலாம்னு இருந்தேன்."

"அது எந்தக் கிறிஸ்துமஸ்?"

"போன வருசம்" என்று முனகினார்.

"குவைத் பேப்பர் எப்ப வந்துச்சு? கிறிஸ்துமஸுக்கு முன்னாலயா, பின்னாலயா? வாயத் தொறந்து சொல்லுங்க அத்தான்."

"முன்னால" என்றார். "கை நல்லாயிட்டுன்னு தெரிஞ்சா நீ போயிருவன்னு பயந்துட்டேன்."

"போகாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அழுதிருப்பேன், சண்ட போட்டிருப்பேன். ஆனா நின்னுருப்பேன்."

"சொன்னா என்னய வெறுத்துருவியோன்னு..."

"அதான் பழியத் தூக்கிக் கை மேல போட்டுட்டீக."

கை சரியானதை மறைத்தது ஒரு பக்கம். தினமும் பிளேடு இல்லாமல் வழித்து, முகத்தைக் கழுவித் துடைத்து, முடியை மட்டும் எனக்காக அப்படியே விட்டுவைத்திருக்கிறார். மறுநாள் காலையில் நான் அந்தத் தாடையைப் பிடித்துக்கொண்டு, இவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று உருகியிருக்கிறேன். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர் அதையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். என்னை இவ்வளவு முட்டாளாக்க வேறு யாராலும் முடிந்திருக்காது.

"வழிங்க. நான் பாக்கணும்" என்றேன்.

ரேசரை எடுத்தார். அந்த விரல்கள் மடங்கின. வலது கன்னத்தில் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. குழாயில் அலசினார். உதட்டுக்கு மேலே மூக்கைத் தூக்கிப் பிடித்துச் சின்னச் சின்னதாக எடுத்தார். நான் பயந்து பயந்து போகிற கழுத்துத் தழும்பின் மேல், தோலை இழுத்துப் பிடித்துக் கொண்டு சுலபமாகப் போனார். ஒரு கீறல் இல்லை. நான் ஒருநாளும் இவ்வளவு சுத்தமாக வழித்ததில்லை.

தாடைக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு நுரை இருக்கும்போது நிறுத்தினார். ரேசரை என்னிடம் நீட்டினார். தாடையைத் தூக்கி, எப்போதும்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

"இங்கன மட்டும் நீ எடுத்து விட்டுரு ஜாஸ்பின். இந்த எடம் எனக்கு வராது."

நான் ரேசரை வாங்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். சாயங்காலம் வரை காத்திருக்கத் தோன்றவில்லை.

"சார், ஜாஸ்பின் பேசுறேன், சிவகாசி. அந்தக் குவைத் வேலை விஷயமா. நான் வர்றேன் சார்" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். தாடையில் நுரை காய ஆரம்பித்திருந்தது.