லீவு விட்ட வெள்ளிக்கிழமை

"மதினிக்கு எந்தச் சேலய உடுத்தண்ணே? கல்யாணச் சேலையா, இந்தப் பச்சையா?"

இரண்டு சேலைகளையும் கையில் வைத்துக்கொண்டு அமுதா கேட்டாள். மகிமாவின் தம்பி பெண்டாட்டி. அழுது முகம் வீங்கியிருந்தது. இமானுவேல் சேலைகளைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்து கேட் பக்கம் மூன்று பிள்ளைகள் வந்து நின்றன. ஒன்று இன்னொன்றைப் பிடித்துத் தள்ளியது. தள்ளுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"அண்ணே."

"எதுனாலும் சரித்தா."

அவள் பச்சையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் மனைவி மகிமா அந்தப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர்; பிள்ளைகளுக்கு அவளும் டீச்சர்தான். பிள்ளைகளுக்குத் தட்டில் விழும் முன்னால் சாப்பாட்டை ருசி பார்த்தாக வேண்டும் என்பது விதி. அவளும் தலைமையாசிரியை ரோஸ்லினும் தினமும் ருசி பார்ப்பார்கள். நேற்று ரோஸ்லின் டீச்சருக்கு உத்தமபாளையத்தில் மீட்டிங். சமையல் செய்கிற சொர்ணலதா வீரபாண்டிக் கோயிலில் தீச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டியிருக்கிறாள். தன் கையால் வீட்டில் பொங்கியதைத் தவிர வேறெதுவும் அவள் வாயில் படாது. ஆகவே சாம்பார் சாதத்தையும் முட்டையையும் நேற்று மகிமா மட்டும்தான் சாப்பிட்டுப் பார்த்தாள். அப்புறம் பள்ளிக்கூடமே சாப்பிட்டது.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தவள் வயிறு சரியில்லை என்றாள். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். வேர்த்து ஊற்றியது. ஆட்டோவில் அவன் தோளில் சாய்ந்திருந்தபோது, "புள்ளைகளுக்கு..." என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் பேசவில்லை. விடியும் முன்னால் ஆஸ்பத்திரியில் முடிந்துபோயிற்று.

டாக்டர் சின்ன வயசுக்காரர். ஈ.சி.ஜி. தாளைக் காட்டி மாரடைப்பு என்றார்.

"வாந்தி எடுத்தாளே சார்."

"இதுக்கும் வாந்தி வரும். பொம்பளைங்களுக்கு நெஞ்சு வலிக்கணும்னு கட்டாயம் இல்ல."

அவன் தலையாட்டினான். இமானுவேல் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. டாக்டர் சொன்னது புரிந்தது. ஆனால் மனசு அதில் நிற்கவில்லை. முப்பது வயது தாண்டாதவளுக்கு நெஞ்சு நிற்குமா? வேறு ஏதாவதாக இருந்தால்? காலையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் ஊர் பூராவும் சிதறிக் கிடக்கின்றன. எது படுத்திருக்கிறது, எது நடமாடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

ரோஸ்லின் டீச்சர் மாலையோடு வந்தபோது அவன் எழுந்து நின்றான்.

"நேத்து சாப்பிட்ட புள்ளைக எல்லாம் நல்லா இருக்குதுகளா டீச்சர்?"

டீச்சர் அவனையே பார்த்தார். "ஏம்ப்பா அப்படிக் கேக்குற?"

"சும்மாதான்."

"நல்லாத்தான் இருக்கும்." மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரும் எதுவும் சொன்னாகளா?" என்றார்.

"இல்ல."

வாசல் பந்தலில் வேலுச்சாமி பெரியப்பா பக்கத்திலிருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. "ஆக்கிப்போட்ட மகராசிக்கே ஒத்துக்கிடல பாரு." பக்கத்திலிருந்தவர், "ஏலே, எழவு வீட்டுல வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருய்யா. டாக்டரு எழுதிக் குடுத்துட்டாகல்ல" என்றார். "டாக்டரு எழுதுனாரு. எம் பேத்தியில்ல அங்கன சாப்பிடுது" என்றார் பெரியப்பா.

பச்சைச் சேலை உடுத்தி மகிமாவைப் பெட்டியில் கிடத்தினார்கள். பெண்கள் ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். இமானுவேல் தலைமாட்டில் உட்கார்ந்தான். அவனுக்கு அழுகை வரவில்லை. பிள்ளைகள் இரண்டு மூன்றாக உள்ளே வந்து, பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, பூவைப் போட்டுவிட்டுப் போயின. அவன் பூவைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கண் உள்ளே போயிருக்கிறதா, உதடு காய்ந்திருக்கிறதா.

முக்கால்வாசி முகங்கள் அவனுக்குப் பழக்கமில்லை. ஆனால் எல்லாரையும் தெரியும். சாப்பிடும்போதெல்லாம் மகிமா அவர்களைப் பற்றித்தான் பேசுவாள். முட்டையில் மஞ்சள் கருவைத் தோண்டி வைத்துவிடும் இரட்டையர், கறிவேப்பிலையைப் பக்கத்துத் தட்டில் போடும் சசிதரன், மறுசோறு கேட்க வெட்கப்பட்டுத் தட்டைச் சுரண்டிக்கொண்டே இருக்கும் பவானி. இரட்டையர் வந்தார்கள். சசிதரன் அவன் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்தான்.

பின்னல் பின்னிய ஒரு பெண் பிள்ளையைச் சைகை காட்டிக் கூப்பிட்டான்.

"உங்க பள்ளிக்கூடத்துல எல்லாரும் வந்தாச்சா?"

"ஆமா சார்." யோசித்தது. "பவானி மட்டும் வரல. காலையில கேட்டு வரைக்கும் வந்துச்சு. லீவுன்னதும் போயிருச்சு. வயித்தப் பிடிச்சுக்கிட்டே போச்சு."

ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. இமானுவேல் எழுந்தான். செருப்பைத் தேடவில்லை. ஆணியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தான்.

மகிமாவின் தம்பி பீட்டர்ராஜ் பந்தலுக்கு வெளியே ஓடி வந்தான். "மச்சான், எங்க போறீக? சாமியார் கம்பத்துல இருந்து கிளம்பிட்டாக."

"வந்துர்றேன்."

"என்னன்னு சொல்லுங்க, நான் போறேன்."

இமானுவேல் வண்டியை உதைத்தான். முதுகுக்குப் பின்னால் பெரியப்பாவின் குரல் வந்தது. "பொண்டாட்டி கெடக்கா, இவன் வண்டி ஓட்டப் போறான். படிச்ச புள்ளைல்ல."

பவானியின் வீடு ஊருக்கு வெளியே, வாய்க்காலைத் தாண்டித் திராட்சைத் தோட்டத்துக்குள் இருந்தது. அவள் அம்மா மூக்கம்மாள் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவள். இருட்டோடு ஜீப்பில் மலையேறினால் பொழுதடையும் நேரத்துக்குத்தான் இறங்குவாள். மேலே போன் எடுக்காது. இதெல்லாம் மகிமா சொன்னதுதான். மண்பாதையில் வண்டி வழுக்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை தனியாகக் கிடந்தால் யாருக்குத் தெரியும்? வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டும் என்று நினைத்தான். கை கேட்கவில்லை.

மோட்டார் ரூமை ஒட்டித் தகரம் போட்ட வீடு. கதவு சாத்தியிருந்தது.

"பவானி."

திராட்சைப் பந்தலுக்கு அடியில் பூச்சிமருந்து வாடை நின்றது.

"பவானி. ஏத்தா."

கதவைத் தள்ளினான். பளிச்சென்ற வெயிலிலிருந்து உள்ளே வந்ததில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, மூலையில் சாக்குக்கு மேல் சுருண்டு கிடந்த பள்ளிக்கூட யூனிபாரம் தெரிந்தது. முழங்கால் நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

அவன் மண்டியிட்டான். தொடப் பயமாக இருந்தது. விடியற்காலையில் ஒரு கையைத் தொட்டிருந்தான். அந்தக் குளிர்ச்சி விரலை விட்டுப் போகவில்லை. தோளில் கை வைத்தான். சூடாக இருந்தது. பிள்ளை கண்ணைத் திறந்தது.

"வயிறு வலிக்குதா?"

"ம்."

"வாந்தி எடுத்தியா?"

"இல்ல."

"வயித்தால போச்சா?"

தலையை ஆட்டியது. இல்லை.

"பெறகு என்னத்தா? எப்ப இருந்து வலிக்குது?"

பவானி எழுந்து உட்கார்ந்தது. பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டது. அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தது.

"பசிக்குது" என்றது.

இமானுவேல் அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டான். தகரக் கூரை வெயிலில் சடசடத்தது.

"கடைசியா எப்ப சாப்பிட்ட?"

"நேத்து மத்தியானம் டீச்சர் ரெண்டு தரம் போட்டாக. ராத்திரி கொஞ்சம் கஞ்சி. காலையில பள்ளிக்கூடத்துல உப்புமா போடுவாகன்னு அம்மா எதுவும் வைக்காமப் போயிருச்சு. இன்னைக்குப் போடல."

"சுத்தி இவ்வளவு பழம் தொங்குதே. ரெண்டு பறிச்சுத் திங்க வேண்டியதான?"

"மருந்தடிச்சிருக்காக. தொடக்கூடாது."

மாரடைப்பு என்ற சொல், டாக்டர் சொன்னபோது எங்கேயோ நின்றுவிட்டிருந்தது. இப்போதுதான் அது அவனிடம் வந்து சேர்ந்தது. இரண்டு தரம் சாப்பிட்ட பிள்ளைக்கே ஒன்றும் ஆகவில்லை; மகிமாவின் நெஞ்சுதான் நின்றது. வேறொன்றும் இல்லை.

சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பீட்டர்ராஜ். எடுக்கவில்லை.

"வண்டியில ஏறு."

பின்னால் உட்கார்ந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது. வாய்க்கால் பாலம் தாண்டியதும் கேட்டது.

"டீச்சரு செத்துட்டாகளா சார்?"

"ஆமா."

ஊர் எல்லை வந்ததும், "திங்கக்கிழம ஆக்குவாகளா?" என்றது.

"ஆக்குவாக."

ஊர்க்கடை இரண்டும் துக்கத்துக்குச் சாத்திக் கிடந்தன. வண்டி தெருவுக்குள் நுழைந்ததும் பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். சாமியாரின் கார் வந்து நின்றிருந்தது. இமானுவேல் வீட்டுப் பக்கம் போகாமல் பள்ளிக்கூடத்து கேட்டில் வண்டியை நிறுத்தினான்.

அங்கே சொர்ணலதா நின்றிருந்தாள். மஞ்சள் சேலை, கையில் மஞ்சள் கயிறு. காப்புக் கட்டியவர்கள் துக்க வீட்டுக்குள் வரக்கூடாது. காலையிலிருந்து வெயிலில் அங்கேயே நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, இந்தப் புள்ள ஒண்ணும் திங்கல."

அவள் பவானியைப் பார்த்தாள். "இது ஒண்ணு மட்டுமா? ஏலத்தோட்டத்து வீட்டுப் புள்ளைக பூராம் இப்படித்தான் திரியுதுக. காலையில இருந்து என்னயவே சுத்திச் சுத்தி வருதுக."

"ஏதாச்சும் பொங்குங்க."

சொர்ணலதா பதறிப் போனாள். "என்னய்யா சொல்றீக? பொணத்த எடுக்கங்குள்ள தெருவுல அடுப்பு எரியலாமா? நாளைக்கு ஊரே என்னயக் காறித் துப்பும். அதுவும் காப்புக் கட்டிக்கிட்டு."

"எங்க வீட்டுப் பொணந்தானக்கா. நான் சொல்றேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சாவி மகிமா டீச்சர் பையிலல்ல இருக்கும்" என்றாள்.

இமானுவேல் தெருவைக் கடந்தான். பந்தல் வழிவிட்டது. பெரியப்பா எதுவோ சொல்ல வாயைத் திறந்தவர், அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். உள்ளே சாமியார் அங்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பெட்டிக்கு அந்தப் பக்கம் கொடியில் மகிமாவின் கைப்பை தொங்கியது. அவள் மேல் படாமல் சாய்ந்து, அதை எட்டி எடுத்தான். சீப்பு, பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை. வாய்வு மாத்திரை. பாதி தீர்ந்திருந்தது. எத்தனை நாளாக நெஞ்சு வலியை வாய்வென்று நினைத்து விழுங்கினாளோ. சாவிக்கொத்து அடியில் கிடந்தது.

"என்னண்ணே தேடுறீக?" என்றாள் அமுதா. அவன் சாவியை எடுத்தான்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ரோஸ்லின் டீச்சர் சாவியைப் பார்த்தார். ஜன்னல் வழியாக எதிரே நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

"குடு. நான் போறேன். நீ இங்கன இருக்கணும்."

சாவியை வாங்கிக்கொண்டு போனார். இமானுவேல் தலைமாட்டில் உட்கார்ந்தான். பீட்டர்ராஜ் அவன் தோளை அழுத்தினான்.

சாமியார் ஜெபத்தைத் தொடங்கினார். பெண்கள் பதில் சொன்னார்கள். மண்ணில் இருந்து வந்தோம் என்று படித்துக்கொண்டிருந்தபோது எதிரே குக்கர் ஒரு விசில் அடித்தது. பதில் சொன்னவர்கள் ஒரு வார்த்தையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாமியார் தாளைப் புரட்டினார்.

இரண்டாவது விசில்.

தீர்த்தம் தெளிக்கச் சாமியார் கையை ஓங்கினார். பச்சைச் சேலையில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது. நான்கு பேர் பெட்டிக்குக் குனிந்தார்கள். இமானுவேல் ஜன்னலைப் பார்த்தபடி மூன்றாவது விசிலுக்காகக் காத்திருந்தான்.